வாகனத்துக்கு ஒரு வாகனம்

பிள்ளையாருக்கு மூஞ்சூறு வாகனம்; முருகனுக்கு மயில் வாகனம். ஆனால் அந்த மூஞ்சூறு ஏறிக் கொண்டு போவதற்கு ஒரு வாகனம் உண்டா என்று நம் பௌராணிகர்களில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அமெரிக்கர்கள் கேட்டிருக்கிறார்கள், கேட்டதோடு நில்லாமல் அந்த வாகனத்தைச் செய்தும் விட்டார்கள். மனிதனைச் சுமப்பதற்கென்று ஏற்பட்ட மோட்டார் சைக்கிளை ஒரு பெட்டி வண்டியில் ஏற்றி, அந்தப் பெட்டியை ஒரு பெரிய மோட்டாருக்குப் பின்னால் பூட்டி, ஆயிரம் மைல் இழுத்துக் கொண்டு போகிறார்கள். போன இடத்தில் சைக்கிளை இறக்கி அதன் மேல் ஏறிக் கொண்டு நாற்பது மைல் சுற்றுகிறார்கள். இருட்டியதும் அதே பெட்டிக்குள் படுக்கையை விரித்துச் சுகமாகத் தூங்குகிறார்கள்.

"ஊர் போய்ச் சேர்வதற்குத்தானே மோட்டார் சைக்கிள்? அதையே சுமந்து கொண்டு போவது என்ன விவேகம்?" என்று வாசகர்களில் சிலர் கேட்கக் கூடும். கேள்வி நியாயமானதுதான். அமெரிக்காவிலேயே இதைக் கேட்டுப் பரிகாசம் செய்கிறவர்கள் உண்டு. சவுத் டகோட்டா மாகாணத்தில் ஸ்டர்ஜிஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 1938-ஆம் வருஷம் ஒரு சிறு பந்தயமாக அங்கே தொடங்கிய மோட்டார் சைக்கிள் திருவிழா, இன்று ஆகஸ்டு மாதந்தோறும் லட்சக்கணக்கான ஜனங்களைக் கூட்டுகிறது. சொந்த ஊரிலிருந்து வெயிலிலும் மழையிலும் வண்டி ஓட்டி வந்து சேர்கிறவர்கள் ஒரு வகை. டிரெய்லரில் வைத்துக் கொண்டு வந்து, ஊர் எல்லையில் இறக்கித் துடைத்து, ஏறி உட்கார்ந்து கம்பீரமாக நுழைகிறவர்கள் இன்னொரு வகை. முதல் வகையார் இரண்டாம் வகையாரைக் கண்டு நகைப்பது அந்தத் திருவிழாவின் பழைய வேடிக்கைகளில் ஒன்று.

இந்தப் பரிகாசத்துக்குக் கொஞ்சமும் அகப்படாத கட்சி ஒன்றும் இருக்கிறது. மண் பாதையிலும் பாறையிலும் ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட இலேசான மோட்டார் சைக்கிள்களில் பலவற்றுக்கு விளக்கு கிடையாது. எண் பலகை கிடையாது. ஆசனமோ பலகைக்குத் தம்பி. அவற்றைப் பொது ராஜபாட்டையில் ஓட்டச் சட்டம் இடங் கொடுக்காது. யூட்டா மாகாணத்து மோவாப் என்னும் ஊருக்கு வெளியே, சிவந்த மணற்பாறையின் மேலேயே செல்லும் ஸ்லிக்ராக் பாதை 1969-ல் முதலில் மோட்டார் சைக்கிளுக்காகத்தான் குறிக்கப்பட்டது. அதில் ஓட்ட வேண்டும் என்று சிகாகோவில் இருக்கும் ஒருவருக்கு ஆசை பிறந்தால், ஆயிரம் மைலுக்கு மேல் தம்முடைய வாகனத்துக்கு வேறொரு வாகனம் தேடித்தான் ஆக வேண்டும்.

போய்ச் சேர்ந்த பிறகு தங்குவதற்கு இடம்? மேற்கு மாகாணங்களில் ஐக்கிய நாட்டுச் சர்க்காரின் நில நிர்வாக இலாகா வசம் மட்டும் சுமார் 24½ கோடி ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பாலான இடங்களில் 28 நாட்களுக்குள் 14 நாள் வரை யாரும் வாடகையில்லாமல் முகாம் போடலாம். வாடகை இல்லை என்பதோடு கிணறு இல்லை, விளக்கு இல்லை, கடை இல்லை, குளிக்கும் அறையும் இல்லை. ஆகவே கூடவே கொண்டு போகும் பெட்டி, வரும் வழியில் லாயமாகவும் வந்த பிறகு வீடாகவும் இருக்க வேண்டியிருக்கிறது.

இப்படிப்பட்ட வண்டிகளைத் தொழிற்சாலைகளும் செய்து விற்கின்றன. 'டாய் ஹாலர்' என்று பெயர். அதாவது விளையாட்டுச் சாமான் சுமக்கிற வண்டி. வளர்ந்த பிள்ளைகளின் விளையாட்டுச் சாமான்கள் அல்லவா? விலையும் அதற்கேற்றபடி பல பத்தாயிரம் டாலர் ஆகிறது. கை வேலையில் ருசியுள்ள அமெரிக்கக் குடும்பஸ்தர் அந்த விலையைக் கேட்டு விட்டு வெளியே வருகிறார். பக்கத்துக் கொல்லையில் அதில் ஒரு சிறு பங்கு விலைக்கு வெறும் சரக்குப் பெட்டி டிரெய்லர் ஒன்று நிற்கிறது. நான்கு சுவர், ஒரு கூரை, பின்னால் இறங்கி விழும் சாய்வுக் கதவு. "இதையே வீடாக்கிக் கொண்டால் என்ன?" என்று அவருக்குத் தோன்றுகிறது. அந்த எண்ணத்தினால் எத்தனையோ கொட்டகைகளில் வார இறுதிதோறும் ரம்பச் சத்தம் கேட்டுக் கொண்டிருக்கிறது.

ஆகாய விமானக்காரர்களின் கைவரிசை

வீட்டை இழுத்துச் செல்லும் ஆசை அந்நாட்டாருக்குப் புதிதல்ல. 1919-ஆம் வருஷமே ஃபுளோரிடாவில் டாம்பா நகரத்துப் பூங்கா ஒன்றில், மோட்டாரில் கூடாரம் கட்டிக் கொண்டு ஊர் சுற்றுகிறவர்கள் ஒன்று கூடி, 'தகர டப்பா யாத்திரிகர்கள்' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் சூட்டிச் சங்கம் அமைத்துக் கொண்டார்கள். ஆனால் நமக்கு இங்கே முக்கியமானவர் கிளென் கர்ட்டிஸ் என்பவர். நியூயார்க் மாகாணத்தில் ஹாமண்ட்ஸ்போர்ட் என்னும் கிராமத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தவர். தாமே செய்த எட்டு சிலிண்டர் மோட்டார் சைக்கிளில் 1907 ஜனவரியில் ஃபுளோரிடாவின் ஆர்மண்ட் கடற்கரையில் மணிக்கு 136 மைல் வேகத்தில் பறந்தார். அடுத்த வருஷமே வாஸ்தவமாகவே ஆகாய விமானத்தில் பறந்தார். விமானத் தொழிலில் பெரும் பொருள் ஈட்டிய பிறகு, 1920-களின் கடைசியில், 'ஏரோகார்' என்ற இழுவை வீட்டைச் செய்தார். காற்றடைத்த டயர் ஒன்றைக் கிடையாகப் படுக்க வைத்து, அதன் நடுவே வீட்டின் மூக்கைப் பொருத்தினார். பாதையின் அதிர்ச்சியெல்லாம் அந்த டயருக்குள்ளேயே அடங்கியது. மோட்டார் சைக்கிளையும் இழுவை வீட்டையும் ஒரே மூளை கையாண்டது அங்கேதான். 1930-ல் அவர் காலமானார்.

அவருக்குப் பின் வந்தவரும் விமானக்காரர்தான். லிண்ட்பர்க் அட்லாண்டிக்கைத் தாண்டிய விமானத்தின் நிர்மாண வேலையை மேற்பார்த்த ஹாலி பவுலஸ், 1934-ல் அலுமினியத் தகட்டினால் இழுவை வீடு கட்டினார். அந்த அமைப்பைத் தழுவி வாலி பையம் 1936-ல் வெளியிட்டதுதான் இன்று வரை புகழ் மங்காத 'ஏர்ஸ்ட்ரீம்'. இன்றைய சரக்குப் பெட்டியின் தோலும் மெல்லிய அலுமினியமே. ஆனால் உள்ளே எலும்பு இரும்புக் குழாய். தரையும் சுவரும் ஒட்டுப் பலகை.

இந்த வண்டி வீடுகளில் பெரும் பகுதி பிறக்கும் இடம் இந்தியானா மாகாணத்தில் எல்கார்ட்டைச் சுற்றிய பிரதேசம். சொந்தமாக மோட்டார் வண்டி வைத்துக் கொள்வதில்லை என்று விரதம் பூண்டு குதிரை வண்டியில் செல்லும் ஆமிஷ் சமூகத்தார் பலர் அங்கே இந்தத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறார்கள். விரதம் தாங்கள் வைத்துக் கொள்வதைப் பற்றியதே தவிர, பிறருக்குச் செய்து கொடுப்பதைப் பற்றியதல்ல போலும்!

பெட்டியின் லட்சணம்

பெண் பார்ப்பது போல் பெட்டி பார்க்க வேண்டும். நீள அகலத்தை எல்லோரும் பார்க்கிறார்கள்; உயரத்தை மறந்து விடுகிறார்கள். ஆறடி உயரப் பெட்டியில் தரைக்கும் கூரைக்கும் தடுப்பு வைத்த பிறகு இரண்டு மூன்று அங்குலம் போய் விடும். பிறகு நல்ல வளர்த்தியுள்ள மனிதர் தம் சொந்த வீட்டில் ஆயுள் முழுவதும் தலை குனிந்து நிற்க வேண்டியதுதான். ஆறரை அல்லது ஏழு அடியாகச் சொல்லிச் செய்து கொள்வது உசிதம்.

அதை விட முக்கியம் எடைக் கணக்கு. இங்கே பலர் ஏமாந்து போகிறார்கள். ஒற்றை அச்சுப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றின் மேல் '2,990 ராத்தல்' என்று அனுமதிக்கப்பட்ட மொத்த எடை பொறித்திருக்கும். அது என்ன விசித்திரமான எண் என்றால், 3,000 ராத்தலை எட்டினால் டிரெய்லருக்குத் தனி பிரேக் வேண்டும் என்று பல மாகாணங்களின் சட்டம் சொல்கிறது. பத்து ராத்தலைக் குறைத்து விட்டால் பிரேக்கின் செலவு மிச்சம். ஆறடி அகலமும் பன்னிரண்டு அடி நீளமும் உள்ள காலிப் பெட்டியே சுமார் 1,300 ராத்தல் இருக்கும். மிச்சம் 1,690. நெடும் பயணத்துக்கான பெரிய ஹார்லி டேவிட்சன் ஒன்று சுமார் 850 ராத்தல். இரண்டை ஏற்றினால் 1,700. ஒரு தலையணை கூட வைப்பதற்கு முன்பே கணக்குத் தாண்டிப் போயிற்று! மண் பாதைச் சைக்கிளாக இருந்தால் ஒன்று 250 ராத்தல் வீதம் இரண்டுக்கு 500-தான். படுக்கை, அடுப்பு, தண்ணீர் எல்லாவற்றுக்கும் இடம் இருக்கும்.

ஆகையால் பெரிய சைக்கிள்காரர்கள் இரட்டை அச்சுப் பெட்டிக்குப் போகிறார்கள். ஒவ்வோர் அச்சும் 3,500 தாங்கும்; இரண்டுமாக 7,000 ராத்தல். எல்லாச் சக்கரத்துக்கும் மின்சார பிரேக் போட்டு வாங்கலாம். ஏழடி அகலம், பதினாறு அடி நீளமுள்ள அப்படிப்பட்ட காலிப் பெட்டி சுமார் 2,600. சைக்கிள்கள் 1,700. முப்பது காலன் தண்ணீர் 250. தடுப்பு, பலகை, கட்டில், பாட்டரி, அடுப்பு, குளிர்ப் பெட்டி எல்லாம் 1,000. உடுப்பு, உணவு, ஆயுதப் பெட்டி 400. ஆகக் கூடி 5,950. ஆயிரம் ராத்தலுக்குக் கொஞ்சம் மேல் மூச்சு விட இடம் இருக்கிறது. அந்த இடத்தை நிரப்பாமல் இருப்பதற்குத்தான் மனோதிடம் வேண்டும்.

முன்பாரம், பின்பாரம்

நம்மூர் ஜட்கா வண்டியில் ஏறியவர்களுக்கு இந்த அத்தியாயத்தை விஸ்தரிக்க வேண்டியதில்லை. நாலு பேர் ஏறி உட்கார்ந்ததும் வண்டிக்காரன் திரும்பிப் பார்த்து, "சாமி, கொஞ்சம் முன்னாலே நகர்ந்து குந்துங்க" என்பான். பின்பாரமானால் ஏர்க்கால் மேலே தூக்கிக் கொள்ளும். முன்பாரமானால் குதிரையின் முதுகு ஒடியும். அறுபது மைல் வேகத்தில் செல்லும் டிரெய்லருக்கும் இதே சாஸ்திரந்தான். பலன் மட்டும் வேறு: ஜட்காவில் தவறினால் நாம் பின்புறமாகச் சரிவோம், அங்கே தவறினால் உயிர் போகும்.

டிரெய்லரின் மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து வரை, இழுக்கும் வண்டியின் கொக்கியின் மேல் தங்க வேண்டும் என்பது அனுபவத்தில் கண்ட விதி. நாம் மேலே போட்ட கணக்குக்கு இது 595 முதல் 890 ராத்தல் வரை ஆகிறது. மற்றச் சாமான்களோடு கொக்கியின் மேல் 750 ராத்தல் இருப்பதாக வைத்துக் கொள்வோம். இப்பொழுது இரண்டு சைக்கிள்களையும், ஏற்றுவதற்குச் சுலபமாக இருக்கிறதென்று, அச்சின் மத்திக்கு நாலடி பின்னால் நிறுத்தி விட்டார் ஒருவர். அச்சிலிருந்து கொக்கி பதினாலு அடி. 1,700-ஐ நாலால் பெருக்கிப் பதினாலால் வகுத்தால் சுமார் 485. அவ்வளவும் கொக்கியிலிருந்து கழிந்து போகிறது. மிச்சம் 265; வேண்டியதில் பாதி கூட இல்லை!

இப்படிப்பட்ட வண்டி ஊருக்குள் சாதுவாகத்தான் போகும். நெடுஞ்சாலையில் வேகம் ஏறும்போது, ஒரு காற்று வீச்சு, அல்லது பெரிய லாரி ஒன்று கடந்து போகும்போது எழும் அலை, பெட்டியின் வாலைச் சற்று அசைக்கும். முன்பாரம் சரியாயிருந்தால் அந்த ஆட்டம் இரண்டு வீச்சில் அடங்கி விடும். பின்பாரமாயிருந்தால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதை விடப் பெரிதாகும். நாய் வாலை ஆட்டுவது போய் வால் நாயை ஆட்டத் தொடங்கும். அந்தச் சமயத்தில் கால் தானாகவே பிரேக்கை மிதிக்கப் போகும். அதுதான் செய்யத் தகாத காரியம். முன் வண்டி தயங்க, பின்னால் உள்ள பெட்டி அதைத் தள்ளிக் கொண்டு மடிந்து விழும். காலை ஆக்ஸிலரேட்டரிலிருந்து மெல்ல எடுத்து, திருப்பு சக்கரத்தை நேராகப் பிடித்துக் கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் இயக்கும் தனிப் பிடியைக் கையால் அழுத்த வேண்டும். பின்னாலிருந்து பிடித்து இழுத்தாற்போல் பெட்டி நேராகும். அந்தக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்பதை வீட்டு வாசலிலேயே தடவிப் பார்த்துப் பழகிக் கொள்வது நலம்.

டென்வரிலிருந்து மோவாப்புக்குப் போகும் பாதை, ராக்கி மலைத் தொடரை 11,000 அடிக்கு மேலான உயரத்தில் ஐஸன்ஹோவர் சுரங்கத்தின் வழியாகத் தாண்டுகிறது. அதற்கு இருபுறமும் மைல் கணக்கில் இறக்கம். பிரேக் பழுத்துப் போன லாரிகள் ஏறி நிற்பதற்கென்று பக்கத்தில் சரளைக் கல் மேடுகள் கட்டி வைத்திருக்கிறார்கள். பிள்ளை குட்டிகளுடன் அந்தச் சரிவில் இறங்குகிறவருக்கு மேலே சொன்ன பெருக்கலும் வகுத்தலும் வெறும் பள்ளிக்கூடக் கணக்கல்ல.

சாமர்த்தியமுள்ளவர்கள் சைக்கிள்களின் பாரத்தை அச்சுக்குச் சற்றே முன்னால் விழும்படி அமைக்கிறார்கள். அகலம் போதாதென்றால் ஒன்றைச் சற்று முன்னும் மற்றதைச் சற்றுப் பின்னுமாக நிறுத்தினால் கைப்பிடிகள் ஒன்றோடொன்று மோதா. தண்ணீர்த் தொட்டி அச்சுக்கு நேர் மேலே இருக்க வேண்டும். காரணம், போகும்போது நிறைந்திருக்கும் தொட்டி திரும்பும்போது காலி. மூக்கில் வைத்தால் போகும் கணக்கு ஒன்று, வரும் கணக்கு வேறொன்று ஆகி விடும். இன்னொரு விஷயம்: முன் வண்டியிலிருந்து கழற்றிய பெட்டிக்குள் ஒருபோதும் சைக்கிளை ஏற்றலாகாது. சாய்வுக் கதவில் பாரம் ஏறியதும் பெட்டியின் மூக்கு ஆகாயத்தைப் பார்த்து எழும்பும். உள்ளே நிற்கிறவர் சைக்கிளோடு சறுக்கி வெளியே வருவார்.

இனிக் கட்டுவது. முன் சக்கரத்தை இரும்புத் தொட்டில் ஒன்று கவ்விக் கொள்ளும். ஆனால் அது நிற்க வைப்பதற்குத்தான், பிடித்து வைப்பதற்கல்ல. பிடிப்பது நாலு பட்டைகள். முன்னிரண்டும் கைப்பிடித் தண்டின் அடியிலிருந்து முன்னோக்கிச் சாய்வாக, இரு பக்கமும் தரையில் உள்ள வளையங்களுக்குப் போகும். ராட்செட்டை முறுக்க முறுக்க முன்பக்கத்து ஸ்பிரிங் அமுங்கும். பாதி அமுங்கினால் போதும். ஸ்பிரிங்கின் விறைப்பே பட்டையைத் தளராமல் வைக்கும். பலம் இருக்கிறதே என்று முழுதும் அமுக்கினால் உள்ளே எண்ணெய் காக்கும் வளையம் கெடும். பின்னிரண்டும் வால் பக்கம் துள்ளாமல் காக்க. பட்டையின் மேல் இரண்டு எண் எழுதியிருக்கும். பெரிய எண் அறுந்து போகும் பலம். அதில் மூன்றில் ஒரு பங்குதான் நம்பத் தக்க பலம். வளையங்களோ ஒட்டுப் பலகையோடு நில்லாமல், கீழே உள்ள இரும்புச் சட்டம் வரை ஆணி இறங்கியிருக்க வேண்டும். 850 ராத்தல் எடை, திடீர் பிரேக்கில் பலகையோடு பெயர்ந்து முன் சுவரை நோக்கி வருவதைக் கற்பனை செய்து பார்த்தால் போதும்.

லாயம் வீடாவது

சைக்கிள்கள் இறங்கிய இடத்தில்தான் குடும்பம் வாழ வேண்டும் என்பதால் நிலையான தட்டுமுட்டு எல்லாம் மூக்குப் பக்கத்தில் அடங்கி விடுகிறது: சிறு அடுப்பு மேடை, ஒரு தொட்டி, குளிர்ப் பெட்டி. மற்றவை மடங்கும் சாமான். சுவரில் கீல் வைத்த கட்டில் பகலில் சுவரோடு ஒட்டிக் கொள்ளும். இரவில் கீழே விழுந்து கால் ஊன்றும். சிலர் கூரை வரை ஏறி இறங்கும் கட்டில் அமைத்து, சைக்கிளின் தலைக்கு மேலேயே மெத்தையை விரித்தபடி வைத்து விடுகிறார்கள். தரைக்கு ரப்பர் விரிப்பே உகந்தது. எண்ணெயும் பெட்ரோலும் சொட்டும் இடத்தில் கம்பளம் போட்டால் அது குடித்துக் குடித்து ஒரு பெரிய விளக்குத் திரி ஆகி விடும்.

மிகவும் ரஸமான அம்சம் அந்தச் சாய்வுக் கதவுதான். அதை முழுவதும் தரைக்கு இறக்காமல், இரு பக்கமும் சங்கிலியோ முட்டுக் காலோ கொடுத்துத் தரைமட்டத்துக்கு மேல் நிறுத்தினால், திண்ணை! ஏழடி அகலத் திண்ணை. திறந்த வாயிலுக்குக் கொசு வலை ஒன்றைத் தொங்க விட்டு, செம்பாறைக் குன்றுகளில் அஸ்தமனத்தைப் பார்த்துக் கொண்டு காப்பி குடிக்கலாம். சமீப காலமாகத் தொழிற்சாலை வண்டிகளிலும் இதற்குக் கைப்பிடிச் சுவர் வைத்து விற்கிறார்கள். திண்ணையின் அருமையைப் புது வீடுகளில் நாம் மறந்து கொண்டு வரும் நாளில் அமெரிக்கர் அதற்குச் சக்கரம் கட்டுவது ஒரு வேடிக்கை.

குளிரும் உஷ்ணமும் மெல்லிய அலுமினியத் தோலைச் சட்டை செய்வதில்லை. ஆகையால் உள் பலகையைக் கழற்றி, இரும்புக் குழாய்களுக்கு நடுவே ஓர் அங்குலம் ஒன்றரை அங்குலம் நுரைப் பலகை வைத்து மூடுகிறார்கள். குழாயின் மேலும் ஒரு மெல்லிய தடுப்பு வேண்டும். இல்லாவிடில் வெளிக் குளிர் குழாய் வழியே உள்ளே வரும். விடியற்காலையில் ஒவ்வொரு குழாயின் மேலும் முத்து முத்தாக நீர் அரும்பி நிற்கும். அந்த நீர் எங்கிருந்து வந்தது? பாதி தூங்கினவர்களின் மூச்சு. மீதி, பலரும் யோசிக்காத இடம்: எரிவாயு. ஒரு ராத்தல் புரொப்பேன் எரிந்தால் ஒன்றரை ராத்தலுக்கு மேல் தண்ணீர் ஆவியாக வெளி வருகிறது. பெட்டிக்குள் திறந்த சுவாலைக் கணப்பு வைத்துக் கொண்டால் குளிருக்குப் பதில் மழை. புகையையும் ஈரத்தையும் வெளியே விட்டு, எரிவதற்கு வேண்டிய காற்றையும் வெளியிலிருந்தே எடுத்துக் கொள்ளும் மூடிய கணப்புத்தான் சரி. கூரையில் பதினாலு அங்குலச் சதுரத் துவாரம் வெட்டி விசிறி வைப்பதும் இதற்காகவே. வெட்டும் முன் உள்ளேயிருந்து கூரைச் சட்டங்களின் இடத்தைப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்று சொல்வது அதிகப்பிரசங்கம் போலத் தோன்றலாம். ரம்பம் கையில் ஏறியதும் மனிதருக்கு வரும் உற்சாகம் அறிந்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள்.

மின்சாரத்துக்குக் கூரை மேல் சூரியத் தகடு. கீழே பன்னிரண்டு வோல்ட் பாட்டரி. நூறு ஆம்பியர்-மணி பாட்டரியில் 1,200 வாட்-மணி சக்தி அடங்கும் என்றாலும், ஈயப் பாட்டரியானால் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். லிதியம் பாட்டரி விலை கூட. எடை பாதிக்கும் குறைவு. எடைக் கணக்கைப் படித்தவர்கள் எதை விரும்புவார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கண்ணுக்குத் தெரியாத விருந்தாளிகள்

மேலே சொன்னவற்றில் தவறு செய்தால் பணம் போகும், தூக்கம் போகும். இனிச் சொல்லப் போகும் விஷயத்தில் தவறு செய்தவர்கள் காலையில் எழுந்திருப்பதில்லை.

பெட்ரோல் ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். கசிந்தால் மேலே போகாமல் தரையில் தண்ணீர் போல் பரவி, தாழ்ந்த இடத்தைத் தேடிச் செல்லும். அங்கே கணப்பின் சுவாலை இருந்தால் அதோடு முடிந்தது. புரொப்பேனும் காற்றை விட ஒன்றரை மடங்கு கனமானதே. இதில் மலைப் பிரயாணம் வேறு சேர்ந்து கொள்கிறது. சமவெளியில் மூடிய பெட்ரோல் தொட்டி பதினோராயிரம் அடி ஏறும்போது, வெளிக் காற்றின் அழுத்தம் குறையக் குறைய, உள்ளிருக்கும் ஆவி சுவாசத் துவாரத்தின் வழியே வெளியே வருகிறது. ஒரு சொட்டும் சிந்தாமலே பெட்டி முழுதும் வாசனை நிறைந்து விடும். அதனால்தான் சில தொழிற்சாலை வண்டிகளில் லாயத்துக்கும் படுக்கையறைக்கும் நடுவே ஆவி புகாத சுவர் எழுப்புகிறார்கள். ஒரே அறையாக உள்ள பெட்டியில் அந்தச் சுவர் கிடையாது, பழக்கமே சுவர். சைக்கிள்கள் வெளியே சங்கிலியில் தூங்க வேண்டும், மனிதர்கள் உள்ளே. பெட்ரோல் டின் எப்பொழுதும் வெளியேதான். சைக்கிள்களை இறக்கியதும் கதவையும் சன்னலையும் திறந்து, பெட்டி நன்றாகக் காற்றாடிய பிறகே அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும். மழை வந்து விட்டதே என்று சைக்கிளை உள்ளே இழுத்துக் கொண்டு பக்கத்தில் படுக்கிற ஆசையை அடக்கத்தான் வேண்டும். நனைந்த சைக்கிளைத் துடைத்துக் கொள்ளலாம்.

பெட்ரோலுக்காவது வாசனை உண்டு. அரை குறையாக எரியும் எந்த நெருப்பிலிருந்தும், ஜெனரேட்டரின் புகையிலிருந்தும் வருகிற கார்பன் மோனாக்ஸைடு வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் பிராணவாயு ஏற வேண்டிய ஆசனத்தில் அதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இது உட்கார்ந்து கொள்கிறது. தலைவலி, சோர்வு, தூக்கம் என்று வரிசையாக வரும். நாளெல்லாம் வெயிலில் சைக்கிள் ஓட்டி வந்தவருக்குத் தலைவலியும் தூக்கமும் இயற்கைதானே என்று தோன்றும், அதுதான் ஆபத்து. பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையை விடச் சிறிய பெட்டியில் விஷம் நிறைய அதிக நேரம் ஆகாது. இதற்கென்று கூவும் கருவிகள் சில பத்து டாலருக்குக் கிடைக்கின்றன. கார்பன் மோனாக்ஸைடுக்கு ஒன்று படுக்கையருகே. புரொப்பேனுக்கு ஒன்று தரையை ஒட்டி. ஜன்னல் திரைக்குத் துணி தேர்ந்தெடுப்பதற்கு முன் இவற்றை வாங்கிச் சுவரில் அறைந்து விட வேண்டும் என்பது நம் தாழ்மையான அபிப்பிராயம். விசிறித் துவாரத்தை எந்தக் குளிரிலும் ஒரு விரற்கடை திறந்தே வைக்க வேண்டும்.

இன்னும் ஒன்று. சரக்குப் பெட்டி மனிதர் வசிக்கச் செய்ததல்ல. சாமான் திருட்டுப் போகாமல் இருக்கச் செய்தது. அதன் பக்கக் கதவில் பல சமயம் வெளியிலிருந்து மட்டுமே போடும் இரும்புத் தாழ்தான் இருக்கும். பின்புறச் சாய்வுக் கதவின் கொக்கிகளும் வெளியேதான். யாராவது விளையாட்டுக்காகவோ பழக்க தோஷத்தினாலோ தாழைத் தள்ளி விட்டால், உள்ளே இருப்பவர்கள் சிறைப்பட்டவர்களே. நெருப்புச் சமயத்தில் இதன் அர்த்தம் என்ன என்று விவரிக்க வேண்டாம். ஆகவே முதல் நாள் வேலை பக்கக் கதவுக்கு உள்ளிருந்தும் திறக்கும் பூட்டு. இரண்டாவது, ஆள் வெளியேறக் கூடிய அளவுள்ள ஜன்னல், கதவுக்கு எதிர்ப்புறத்தில். கட்டிலும் நுரைப் பலகையும் அதற்கப்புறம்.

சட்ட விஷயம் சுருக்கந்தான். ஓடும் டிரெய்லருக்குள் ஆட்கள் இருப்பதைப் பல மாகாணங்கள் தடுக்கின்றன. ஆகையால் பாட்டிக்குப் பின்னால் கட்டில் போட்டுக் கொண்டு போக முடியாது. கலிபோர்னியாவில் எதை இழுத்துச் சென்றாலும் வேகம் 55 மைலுக்கு மேற்படக் கூடாது. சில மாகாணங்களில் சரக்குப் பெட்டி என்ற தஸ்தாவேஜை முகாம் வண்டி என்று மாற்றி எழுதிக் கொள்ளலாம். பணம் வாங்கும் முகாம்களில் சிலவற்றின் நிர்வாகிகள் வீட்டில் செய்த வண்டி என்றால் முகம் சுளிக்கிறார்கள். வெளிப் பார்வைக்கு அது ஜன்னல் வைத்த வெறும் வெள்ளைப் பெட்டிதான்.

ஊர் திரும்பியதும் குழாய்த் தண்ணீரை உள்ளே பாய்ச்சிச் செம்மண்ணைக் கழுவி விடுகிறார்கள். ரப்பர் தரையாதலால் அரை மணி வேலை. கட்டில் சுவரில் ஏறிக் கொள்கிறது. அடுத்த சனிக்கிழமை, வீடு மாற்றும் அண்டை வீட்டாரின் பீரோவும் சோபாவும் அந்த இடத்தில் நின்று கொண்டு ஊர்வலம் போகின்றன, அதே வளையங்களில், அதே நாலு பட்டைகளால் கட்டப்பட்டு.